சிறுகிழங்குக்கு விரித்த சாக்கு

பொங்கலுக்கு என்று நான் கடைக்குப் போய் ஒரு சாமான் வாங்கியது கிடையாது. கல்யாணமாகி செம்பூருக்கு வந்த நாளிலிருந்து பச்சரிசி, மண்டவெல்லம், தேங்காய், கரும்பு, மஞ்சக்குலை, காய்கறி, கிழங்கு எல்லாம் தாராவியிலிருந்துதான் வரும். பொங்கப்படி என்போம். பிறந்த வீட்டிலிருந்து வந்த அரிசியில்தான் பொங்கல் பொங்கவேண்டும். அப்பா இருந்தவரைக்கும் அப்பா கொண்டுவந்தார், அப்புறம் அண்ணன். என்னைவிட ரெண்டே வயசு மூத்தவன், ஆனால் பேச்சைக் கேட்டால் என் தாத்தா என்று நினைப்பீர்கள். டாக்சி ஜன்னல் வழியாகக் கரும்பை வெளியே நீட்டிக்கொண்டு, சயான் சிக்னலில் போலீஸ்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டு, எங்கள் லிப்டுக்குள் நுழையாத கரும்பைத் தோளில் போட்டு மாடிப்படி ஏறி வருவான். "ஏட்டி, உன் வீட்டுக்கு வாரதுக்கு ஊருக்கே போயிட்டு வந்திரலாம்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வான்.

அவன் கொண்டுவருவதில் சிறுகிழங்குதான் முக்கியம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: விரல் தண்டி இருக்கும், கறுப்பாக, மண்ணும் கிழங்கும் எதுவென்று பிரித்துப் பார்க்க முடியாதபடி இருக்கும். வேகவைத்துத் தாளித்தால் ஒரு மணம் வரும் பாருங்கள், திருநெல்வேலிக்காரர்களுக்கு அது இல்லாமல் பொங்கல் சோறு தொண்டைக்குக் கீழே இறங்காது. வருசம் முழுக்கக் கண்ணில் படாது. மார்கழி கடைசியில் மாட்டுங்கா மார்க்கெட்டில் மூட்டையாக வந்து இறங்கும். சமைப்பது பெரிய வேலை இல்லை, தோல் எடுப்பதுதான் உயிரை வாங்கும். கத்தியால் சீவினால் பாதிக் கிழங்கு போய்விடும், கையும் கறுத்துப்போகும். கோணிச்சாக்கில் கொட்டித் தண்ணீர் தெளித்து, தரையில் போட்டு உருட்டி உருட்டித் தேய்க்கவேண்டும். அது அண்ணன் வேலை. பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறவன், கை நல்ல வலுவான கை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் பால்கனியில் உட்கார்ந்து தேய்ப்பான். நான் வாங்கி அலசுவேன். என்ன அலசினாலும் கொஞ்சம் மண் நின்றுவிடும், சாப்பிடும்போது பல்லில் நறநறக்கும். நீ கழுவினது சரியில்லை என்பான் அவன். நீ தேய்த்தது சரியில்லை என்பேன் நான். இந்தச் சண்டை நடக்காமல் எங்கள் வீட்டில் பொங்கல் இலை எடுத்ததே இல்லை.

ஆனால் நிஜமான சண்டை ஒன்று வந்தது, என் மகள் கல்யாணத்தில். அவள் தன் ஆபீசில் கூட வேலை பார்த்த மராத்திப் பையனைக் கட்டிக்கொண்டாள். தங்கமான பையன், நான் குறை சொல்லமாட்டேன். அண்ணனுக்கு ஒரு மகன் இருக்கிறான். அவனுக்கு இவள் என்று சின்ன வயசிலிருந்தே வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அந்த ரெண்டு பிள்ளைகளும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். அண்ணன் மட்டும் அதை நிஜமென்று மனசில் வளர்த்துக்கொண்டே வந்திருக்கிறான். கல்யாணக் கார்டை நான் கொண்டுபோனால் ரெண்டு பேரும் கத்திக்கொள்வோம் என்று என் வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்பினேன். இப்போதும் அது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அவனுக்குத் தோன்றியது. "பிள்ளையைக் கட்டிக் குடுக்கது உங்க இஷ்டம். தாய்மாமன்கிட்ட வந்து சொல்ல எந் தங்கச்சிக்குக் கால் இல்லையா, வாய் இல்லையா" என்று கேட்டுவிட்டு, கார்டைத் தையல் மெஷின் மேல் வைத்தானாம்.

கல்யாணத்துக்கு அண்ணி வந்தாள். அவர்கள் மகன் வந்து பந்தியில் ஓடி ஓடி ஐஸ்கிரீம் கொடுத்தான். அண்ணன் வரவில்லை. மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தார்கள், எனக்கு அவன் இல்லாததுதான் தெரிந்தது. எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போனால் போகிறான் என்று நானும் போன் பண்ணவில்லை, அவனும் பண்ணவில்லை. அப்படியே தீபாவளி போய் மார்கழியும் வந்துவிட்டது.

படியைக் கேட்டு வாங்கக்கூடாது. கொண்டுவராவிட்டால் ஏன் வரவில்லை என்று விசாரிக்கவும் கூடாது. படி வந்தால் எனக்குப் பிறந்த வீடு இருக்கிறது, வராவிட்டால் இல்லை, அவ்வளவுதான். அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டுக்கு எஞ்சியிருப்பது அவன் ஒருத்தன். அந்த மார்கழி முழுக்க வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் நான் அடுப்பைக் குறைத்துவிட்டுத்தான் போய்த் திறந்தேன். கூரியர்காரனும் கேபிள்காரனும் என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்களோ.

மகளுக்கு அது தலைப்பொங்கல், அவள் படிக்கு நாங்கள்தானே பொறுப்பு. பொங்கலுக்கு முந்தின ஞாயிறு என் வீட்டுக்காரரும் நானும் மாட்டுங்காவில் எல்லாம் வாங்கி, தாணேயில் அவள் மாமியார் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அன்றைக்குக் காய்கறிக்கடையில் நின்றுகொண்டு இவர் மெதுவாக, "உனக்கும் ஒரு கிலோ சிறுகிழங்கு சேத்துப் போடச் சொல்லட்டுமா" என்றார்.

"எனக்கு எதுக்கு? எனக்கு வரும்."

"வரலைன்னா?"

"வரலைன்னா பொங்கல் இல்ல. உப்புமா திங்கலாம்."

கடைக்காரர் தராசைப் பிடித்தபடி எங்கள் ரெண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வாங்கினால், அண்ணன் வரமாட்டான் என்று நானே முடிவு கட்டின மாதிரி ஆகிவிடும். டாக்சியில் வரும்போது இதை இவரிடம் சொன்னேன். இவர் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போகியன்று சாயங்காலம் பால்கனியைக் கழுவி, பழைய கோணிச்சாக்கை உதறி அங்கேயே விரித்துப் போட்டேன். இவர் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

பொங்கல் காலையில் கோலம் போட்டு, விளக்கேற்றி, அடுப்பில் பானையை வைத்து, பாலும் தண்ணீரும் ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன். பால் பொங்கி வழிந்ததும் அரிசி போடவேண்டும். அரிசிதான் இல்லை. எதிர்வீட்டு மராத்தி அம்மாள் எள்ளுருண்டை கொண்டுவந்தாள். சங்கராந்திக்கு எள்ளுருண்டை கொடுத்து, இதைத் தின்றுவிட்டு இனிப்பாகப் பேசு என்று சொல்வது அவர்கள் வழக்கம். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு எனக்கு மட்டும் ரெண்டு உருண்டை கூட வைத்துவிட்டுப் போனாள்.

இவர் அணுசக்தி நகரில் வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு நாள்கூட ஆபீஸ் பஸ்ஸை விட்டதில்லை. நல்ல நேரம் முடியப்போகிறது என்றால் இவருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. காலண்டரையும் கடிகாரத்தையும் பார்த்தார், வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுப்பைச் சின்னதாக எரியவிட்டு எவ்வளவு நேரம்தான் பாலை ஏமாற்றுவது. அது பாட்டுக்குப் பொங்கி வழிந்து, அடுப்பும் அணைந்துபோயிற்று. "பொங்கலோ பொங்கல்" என்று இவர் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற மாதிரி சொன்னார். அப்புறம் உள்ளே போய், பீரோவில் தன் சட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு பச்சரிசிப் பாக்கெட்டை எடுத்துவந்து நீட்டினார்.

"திட்டணும்னா பொங்கல் முடிஞ்சு திட்டு" என்றார்.

திட்டவில்லை. வாங்கிக் களைந்து போட்டேன். போடும்போது அழுதேன். கடை அரிசி. நான் பிறந்த வீடு என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது என்றே நினைத்தேன். இவர் கரண்டியை வாங்கித் தானே கிண்டினார்.

அப்போதுதான் மகள் வீடியோ கால் பண்ணினாள். எடுத்தால் கறுப்புச் சேலையில் நிற்கிறாள். தலைப்பொங்கல் அதுவுமாகக் கறுப்பா என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா, இங்க சங்கராந்திக்குக் கறுப்புதான் கட்டணும், சொன்னேன்ல. அதை விடு, இங்க பாரு" என்று போனைத் திருப்பினாள். சோபாவில் என் அண்ணன் உட்கார்ந்திருந்தான். மடியில் தட்டு. பக்கத்தில் என் சம்பந்தியம்மாள் வெல்லப் போளியை வைக்க வைக்க, இவன் தட்டின் மேல் கையை மறித்து "பஸ், பஸ்" என்று இந்தியில் போதும் சொல்கிறான். சுவரோரம் கரும்புக் கட்டு, மஞ்சக்குலை, புது வெண்கலப் பானை, ஒரு முழுப் பூசணிக்காய். மாமனும் மருமகளும் ஒரு மாசமாக வாட்ஸாப்பில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். என்னிடம் ஒருத்தரும் மூச்சுவிடவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது சந்தோசம் இல்லை, எரிச்சல்தான். பெற்ற மகள் மேலேயே பொறாமைப்பட்டேன். என் படியை அவளுக்குக் கொடுத்துவிட்டான் என்று வயிறு எரிந்தது.

"உங்க மாமாகிட்ட கேளு, எல்லாருக்கும் படி குடுத்து முடிச்சாச்சான்னு" என்றேன்.

அண்ணன் போனைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த டிவியைப் பார்த்துச் சொன்னான். "பிள்ளைக்குத் தலைப்பொங்கல். கல்யாணத்துக்குத்தான் வரல, இதுக்காவது முதல்ல வரணும்லா. அவ அம்மைக்கு உள்ளது கீழ டெம்போல கெடக்குன்னு சொல்லு. சிறுகிழங்கை இந்த வருசமாவது நல்லா அலசச் சொல்லு. போன வருசம் எனக்குப் பல்லே போயிட்டு."

"தேய்க்கிற ஆளு ஒழுங்காத் தேச்சா ஏன் மண்ணு நிக்குன்னு கேளு."

"அரே, நீங்களே பேசிக்கோங்க" என்று மகள் போனை அவன் கையில் திணித்துவிட்டாள். அவன் எப்படிப் பிடித்தானோ, எனக்கு அந்த வீட்டுச் சீலிங் ஃபேன் மட்டும் தெரிந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அடுப்புப் பத்த வச்சிட்டியா?" என்று ஃபேன் கேட்டது.

"பால் பொங்கிட்டு அண்ணே."

"அரிசி?"

"அவுக வாங்கி வச்சிருந்தாவ."

பிறகு சின்னக் குரலில், "எம் படி வராமலா போட்ட?" என்றான். "காலண்டர்ல ரெண்டாவது நல்ல நேரம் இருக்குல்லா. அதுக்கு உன் வீட்டுக்கு வந்திரலாம்னுதான் இங்க வெள்ளனே வந்தேன்."

காலண்டரில் ரெண்டு நேரம் போட்டிருந்தது எனக்கும் தெரியும். அவன் எப்போதும் முதல் நேரத்துக்கே வந்துவிடுவதால் ரெண்டாவதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்தேன்.

"அதை இறக்கி வையி" என்றான். "இன்னொரு பானை வை. நான் வாரேன்."

ஆக அந்த வருசம் எங்கள் வீட்டில் ரெண்டு தடவை பொங்கல் பொங்கிற்று. அண்ணன் கரும்பைத் தோளில் போட்டு முன்னால் மாடியேறி வந்தான். பின்னால் மருமகன் வெள்ளைக் குர்தாவில் பூசணிக்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தான். கடைசியில் கறுப்புச் சேலையில் மகள். அண்ணன் என் கையில் அரிசிப் பையைக் கொடுத்தான். "மூஞ்சி ஏன்ட்டி இப்படி வீங்கிக் கெடக்கு" என்றான். உன்னால்தான் என்றேன். பால் பொங்கியது. இந்தத் தடவை இவர் சொன்ன பொங்கலோ பொங்கல் எதிர்வீடு வரை கேட்டிருக்கும்.

அரிசி வேகும்போது அண்ணன் கிழங்குப் பையை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான். வழக்கமாக "சாக்கை எங்கட்டி வச்சிருக்க" என்று அங்கிருந்தே கத்துவான். சத்தமே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து விரித்துக் கிடந்த சாக்கைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கிழங்கைக் கொட்டினான். மருமகனும் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். அண்ணன் அவனுக்குச் சாக்கின் மறுமுனையைப் பிடிக்கக் கொடுத்து, எப்படி உருட்டவேண்டும் என்று பம்பாய் இந்தியில் அதட்டிக்கொண்டிருந்தான்.

நாங்கள் இலை போடும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பால்பொங்கல், சர்க்கரைப்பொங்கல், பூசணியும் அவரையும் சேனையும் மொச்சையும் போட்ட பல காய்க் குழம்பு, அவியல், சிறுகிழங்குப் பொரியல். நேற்று போகிக்குத் தன் அம்மா வைத்த காயும் இப்படித்தான் இருந்தது என்று மருமகன் குழம்பைத் தொட்டுப் பார்த்துச் சொன்னான். காலையில் தாணேயில் மிச்சமிருந்த அதையும் ஒரு கை பார்த்திருந்த அண்ணன், "புளிதான் இல்ல, மத்தபடி நம்ம குழம்புதான்" என்று மகளிடம் தீர்ப்புச் சொன்னான்.

பொரியலை அவன் இலையில் வைத்துவிட்டு எதிரேயே நின்றேன். ஒரு வாய் எடுத்துப் போட்டான். நறுக்கென்று சத்தம், எனக்கே கேட்டது. என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். மகள் என்னைப் பார்த்தாள். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அவன் சொல்லட்டும், திருப்பிக் கொடுப்போம் என்று தயாராக இருந்தேன்.

அண்ணன் மெதுவாக மென்று விழுங்கினான். கொஞ்சம் தண்ணீர் குடித்தான். தலையைத் தூக்காமல் இலையை என் பக்கமாக நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் போடு" என்றான்.