பலாவுக்காகப் பரிந்து பேசியது

எங்கள் வீட்டுப் பின்புறத்துப் பலாமரம் காய்க்கவில்லை என்பது, என் ஒன்பதாம் வயதில் எங்கள் குடும்பத்திற்கு இருந்த இரு மனக்குறைகளுள் சிறியது. தாய்மாமன் ஆலயத்திற்கு வருவதில்லை என்பதே பெரியது. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று பிணைத்துக் குழம்பியவள் நான் ஒருத்திதான் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் தந்தையார் கணக்கராயிருந்தார். மிளகும் சுக்கும் அவருடைய சட்டையில் ஏறி வீடுவரை வரும். போர்ட் கொச்சியில் கூடிய எங்கள் சிறிய தமிழ்ச் சபைக்கு அவர் மூப்பர். மலையாள ஆராதனை முடிந்தபின் அதே ஆலயத்தை எங்களுக்கு விடுவார்கள். முன்னவர் எழுந்துபோன இருக்கைகளின் சூடு ஆறுமுன் நாங்கள் அமர்ந்துவிடுவோம். போதகர் இல்லாத வாரங்களில் தந்தையாரே பிரசங்கிப்பார். விசுவாசி கனி கொடுக்க வேண்டும், அக்கனி நிலைத்திருக்கவும் வேண்டும் என்பது அவர் விரும்பி எடுத்தாளும் பொருள். அறுத்த மறுநாளே புளித்துப்போகும் பலாச்சக்கையை மட்டுமே அறிந்திருந்த எனக்கு, நிலைத்திருக்கும் கனி எவ்வாறிருக்கும் என்பது விளங்கவே இல்லை.

மரத்திற்கு மருந்து சொன்னவர் அடுத்த வீட்டு மலையாளச் சேச்சி. "பிலாவைப் பேடிப்பிக்கணும். ஒரு ஆள் கோடாலி எடுத்து வெட்டப் போணும், வேறொரு ஆள் வேண்டாம்னு தடுக்கணும். அடுத்த வருஷம் தன்னால காய்க்கும்" என்றார். மரத்தை அச்சுறுத்துவதாவது, அஞ்ஞானம் என்று தந்தையார் ஒதுக்கிவிட்டார். சோறு பரிமாறிக்கொண்டிருந்த தாயார், ஆண்டவர் சொன்ன உவமையிலும் கனியற்ற மரத்தை வெட்டச் சொல்லும் எசமான் ஒருவனும் தடுக்கும் தோட்டக்காரன் ஒருவனும் வருகிறார்களே என்று மெல்லக் கூறினார். தந்தையார் சோற்றைப் பிசைந்தபடியே நெடுநேரம் ஆராய்ந்தார். முன்னதாக ஒரு சிறு ஜெபம் செய்வதாயின் தடையில்லை என்று தீர்ப்பாயிற்று.

அவ்வாறே ஒரு சனிக்கிழமை மாலை ஜெபம் முடிந்ததும் தந்தையார் கோடரியை ஓங்கினார். இடையில் புகுந்து தடுப்பது என் பங்கு. "இந்த வருஷமும் இருக்கட்டும் அப்பா. சுத்திலும் கொத்தி எருப் போடுறேன்" என்று, தாயார் பழக்கியிருந்தபடி சொன்னேன். ஓங்கிய கோடரி வெட்டாமல் இறங்கியது. பின்வாசலில் நின்ற மாமா வாய்விட்டுச் சிரித்தார். வாக்குக் கொடுத்துவிட்டதால் மறுநாள் முதல் அடுப்புச் சாம்பலும் இறால் தலைகளும் சுமக்கலானேன்.

மாமா எங்களோடு தங்கியிருந்தார். படகுத்துறையில் பயணச்சீட்டுக் கொடுக்கும் வேலை. ஒரு காலத்தில் சபைப் பாடகர் குழுவின் முதற்குரல் அவருடையதே. அவர் மனைவியாகிய என் அத்தை பிரசவத்தில் இறந்தபோது, அடக்க ஆராதனையிலும் அவரையே பாடச் சொன்னார்கள். பாடினார். அதன்பின் ஆலயத்தின் படியேறவில்லை.

மாமா வேலைக்குப் போயிருந்த ஓர் இரவு உணவின்போது, தந்தையார் இலையை நோக்கியவாறே செய்தியைச் சொன்னார். வரும் ஆண்டுக்கூட்டத்தில் மாமாவைச் சபையினின்று நீக்க வேண்டும். கனி கொடாத கொடி அறுபடத்தான் வேண்டும். மூப்பராகிய தாமே அதை முன்மொழிந்தாக வேண்டும். தம் வீட்டாருக்கு ஒரு நீதி, பிறருக்கு ஒரு நீதி என்றிருக்க இயலாது. தாயார் மோர் ஊற்ற மறந்துபோனார்.

கூட்டத்தில் தந்தையார் முன்மொழிந்தார். மறுத்துரைப்பவர் உண்டா என்று போதகர் வினவினார். எவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோடரி ஓங்கியாயிற்று, தடுக்க வேண்டியவர் எங்கே? அப்பங்கு யாருக்கோ ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும், அவர் தம் வாசகத்தை மறந்துவிட்டார் என்றே முடிவுசெய்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, "இந்த வருஷமும் இருக்கட்டும். சுத்திலும் கொத்தி எருப் போடுறேன்" என்றேன்.

யாரோ சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றது. போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்துவிட்டு, "சரி, ஒரு வருஷம் பார்ப்போம்" என்றார். வீடு வரும்வரை தந்தையார் பிடித்த என் கையை விடவில்லை. அது சினமா வேறேதாவதா என்று என்னால் அறிய முடியவில்லை.

தாயார் வழியாகச் செய்தி அறிந்த மாமா என்னை அழைத்தார். "எனக்காகப் பரிஞ்சு பேசினியாமே மோளே. இனி என்னையும் சுத்திக் கொத்துவியோ?"

"எருவும் போடணும்" என்றேன்.

"இறால் தலையெல்லாம் எனக்கு ஆகாது. ஒரு சாயா போதும்."

அவர் நகையாடினார்; நான் அதை மருந்துச் சீட்டாகவே எடுத்துக்கொண்டேன். மாலைதோறும் மரத்தடியைக் கொத்தியபின் கைகழுவி, பின்வாசற்படியில் அமர்ந்திருக்கும் மாமாவுக்குச் சாயா கொண்டுபோய்க் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை அருகிலிருப்பேன். பெரும்பாலும் பேசமாட்டார். சில நாள் ஏதோ ஒரு பாடலை முனகி, நடுவிலேயே நிறுத்திவிடுவார். தந்தையார் சன்னலருகே மடியில் வேதாகமத்தை விரித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கம் புரண்டதாக நினைவில்லை. நான் ஒழுங்காகக் கொத்துகிறேனா என்று கண்காணிக்கிறார் என்பது என் துணிபு.

ஆண்டு கழிந்தது. மரம் பிஞ்சு விடவில்லை. மாமா ஞாயிறுதோறும் படகுத்துறைக்கே போனார். இரண்டிலும் தோற்ற அச்சத்தோடு, என் வாசகத்தை நாவின் நுனியில் ஏந்தி அடுத்த ஆண்டுக்கூட்டத்தில் அமர்ந்திருந்தேன். மாமாவைப் பற்றிய பேச்சு வந்தது. தந்தையார் எழுந்தார். தொண்டையைச் செருமினார். எதிரே இருந்த பாடகர் குழுவின் இருக்கைகளையே சற்றுநேரம் பார்த்தார்.

"இந்த வருஷமும் இருக்கட்டும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

தாயார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கோ பெருத்த ஏமாற்றம். கோடரி பிடிப்பவரே தடுக்கவும் செய்தால் முறை என்னாவது? வரும் வழியில் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டேன்: "அது நான் சொல்ல வேண்டியதாச்சே அப்பா? நீங்க வெட்ட வர்றவர்தானே?"

"சரி மகளே. அடுத்த வருஷம் நீயே சொல்லு."

அன்று மாலை சாயாவையும் என் கையிலிருந்து அவரே வாங்கிக்கொண்டார். மற்றொரு கோப்பையும் எடுத்துப்போய், படியில் மாமாவின் பக்கத்தில் அமர்ந்தார். பின்னர், பாடவே வராத தந்தையார் ஏதோ ஒரு கீர்த்தனையைக் கரகரத்த குரலில் தொடங்குவதும், மாமா இடைமறித்து அதன் ராகத்தைத் திருத்துவதும் கேட்டன.

என் இரண்டு வேலைகளும் ஒரே நாளில் பறிபோன வருத்தத்தில் நான் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. பலாவின் அடியில் நின்று, நிலைத்திருக்கும் கனி ஒன்றேனும் தென்படுகிறதா என்று கழுத்து வலிக்க அண்ணாந்து தேடிக்கொண்டிருந்தேன்.