கடலோடு போனவருக்கு ஒரு சொல்

சாய்ந்தமருதில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் ஜவுபர், பதினொரு வருசம் ஸ்பானியக் கப்பல்களில் சமையல்காரனாகக் கிடந்த மனிசன். பாஷையை அடுப்படியில்தான் படித்தார். முதலில் ஏச்சு, பிறகு மீன்களின் பேர், கடைசியில்தான் எழுத்து. இந்தப் பக்கத்தில் ஆருக்கு ஸ்பானியக் கடிதம் வந்தாலும் அவரிடம்தான் ஓடி வருவார்கள். ஒரு சொல்லுக்காக ஒரு மணித்தியாலம் மண்டையை உடைப்பார். "ஏதாவது ஒண்டப் போட்டுக் குடுங்களன்" என்று மனைவி சுல்பிகா அலுத்துக்கொண்டால், "கறிக்கு உப்பில்லாட்டி சீனி போடுவியா?" என்று பாய்வார்.

அன்றைக்கு வந்தவள் மருதமுனை றிப்னா. அவள் புருசன் முனாப், ஸ்பானிய மீன்பிடிக் கப்பலில் இருந்து புயலில் விழுந்து ஐந்து மாதம். ஆளும் இல்லை, மையித்தும் கரையொதுங்கவில்லை. நடந்ததைக் குடும்பத்தார் ஸ்பானிய மொழியில் எழுதி அனுப்பவேண்டும் என்று கம்பனி கேட்டிருந்தது. லோயர் எழுதிக் கொடுத்த இங்கிலீசுக் கடிதத்தில் 'லொஸ்ட்' என்று கிடந்தது.

அந்த ஒற்றைச் சொல்லில் ஜவுபர் மாட்டிக்கொண்டார். 'பெர்தீதோ' என்று போடலாம். சீ, அது தொலைந்த குடைக்கும் சொல்வது, ஒரு மனிசனுக்கா? 'ஃபயெசீதோ' என்றால் மௌத்தானவர், செத்துப்போனவர். இந்தப் பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு அதை எப்படி எழுதுவது? 'தெசபரெசீதோ' என்றால் காணாமல் போனவர். உண்மையும் அதுதான், ஆறுதலும் அதுதான் என்று அவருக்குப் பெரிய திருப்தி.

"காணாமப் போனவர் எண்டுதான் போட்டிரிக்கன் புள்ள. இன்ஷா அல்லாஹ் வருவாரு."

றிப்னா தாளைத் தள்ளிவிட்டாள்.

"மௌத்தெண்டு எழுதுங்க காக்கா. அவர அலை கொண்டுபோனதக் கூட நிண்டவங்க கண்டிரிக்காங்க. எனக்குத் தெரியும். வாற ஆக்களெல்லாம் அழாத, வருவாரு எண்டுதான் சொல்றாங்க. மௌத்தானவருக்கு ஓதுற ஒரு யாசீன் ஓதல்ல. புருசன் மௌத்தானா இரிக்கிற இத்தாவும் இரிக்க விடல்ல. அழுதா, எண்ட மகன் உசிரோட இரிக்கக்குள்ள ஏன்டி அழுறாய் எண்டு மாமி ஏசுறா. அஞ்சு மாசமா அடக்கிக்கிட்டு இரிக்கன். நீங்களாவது எழுதுங்களன்."

ஊரே சேர்ந்து இந்தப் பிள்ளையை ஆறுதல் சொல்லியே கொன்றுகொண்டிருக்கிறது, நானும் அதைத்தானே செய்தேன் என்று ஜவுபருக்கு வெட்கமாக இருந்தது. பேனையை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். ஆனாலும் சொல்லை மாற்றவில்லை.

"கண்டவங்க சொன்னதயும் சேத்து எழுதுறன். மௌத்தெண்டு தீர்க்கிறது காதிக் கோட்டில இரிக்கிற காதியார். நாளைக்கு நானும் சுல்பிகாவும் உன்னோட அவருக்கிட்ட வாறம். காயிதத்தில நானாத் தீர்ப்பெழுத ஏலாது. ஆனா அழுறதுக்கு ஆர்ர தீர்ப்பும் தேவயில்ல புள்ள. அழு."

"மாமி..."

"மாமியோட நான் கதைக்கிறன்."

சுல்பிகா உள்ளேயிருந்து ஓடி வந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். கொப்பி எடுக்க வந்த ஒருவன் மேசையில் தட்ட, "கடை பூட்டு, போ!" என்று ஜவுபர் கத்திவிட்டு ஷட்டரை இழுத்தார். முனாப்பின் பேரைச் சொல்லிச் சொல்லி றிப்னா வாய்விட்டு அழுதாள். பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த பிறகும் அழுதாள்.