எண்ணெய் லைனுக்கு எத்தனை ஆபரேட்டர்?

மெஷின் ஓடும்போது கன்ட்ரோல் இன்ஜினியர் என்று ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது; நின்றுவிட்டால் கேட் வாட்ச்மேன்கூட அவனைப் பெயர் சொல்லித் திட்டுவார். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? தொண்ணூறுகளில் மைசூரில் நான் பட்டதைச் சொல்கிறேன், கேட்டு ஆறுதல் அடையுங்கள்.

முதல் நாள் வாய்க்கொழுப்பு

ஹெப்பாளில் ஒரு தேங்காய் எண்ணெய்த் தொழிற்சாலை. டின்னில் எண்ணெய் நிரப்பும் லைனை இரண்டு ஆபரேட்டர்கள் கையால் வால்வைத் திருகி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு பி.எல்.சி. மாட்டுவது என் வேலை. வால்வை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று தானே பார்த்துக்கொள்ளும் சின்னக் கம்ப்யூட்டர் அது. 'இனி ஒரு ஆபரேட்டர் போதும்' என்று எங்கள் கம்பெனி கொட்டேஷனிலேயே எழுதிக் கொடுத்திருந்தது. அந்த இருவரில் கம்ப்யூட்டர் கிளாஸ் போன இளையவர் தங்குவார், மூத்தவர் அந்தோணி போவார் என்று தொழிற்சாலைக்கே தெரியும். எனக்குத்தான் தெரியாது.

அந்தோணி கொள்ளேகால் பக்கத்துத் தமிழர். அவருடைய இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். அது தெரியாமல் நான் பேனலைத் தட்டிக் காட்டி, "இனிமே எல்லாம் தானா ஓடும் அந்தோணி" என்று பீற்றிக்கொண்டேன். அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஹௌதா, அப்படியா சார்? அது தானா ஓடினா நாங்க எங்க சார் ஓடறது?"

பொட்டு

தசரா வந்தது. ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினையும் கழுவிப் பொட்டு வைத்தார்கள். என் லைனுக்கு அலங்காரம் அந்தோணி. மாதா கோயிலுக்குப் போகிறவர்தான். ஆனாலும் அவர் வைக்கிற குங்குமம்தான் நல்ல வட்டமாக வரும் என்று பெயர்.

பூஜை முடிந்து லைனை ஓட்டினேன். ஒரு டின்கூட வரவில்லை, அதற்குள் வால்வு திறந்துகொண்டு எண்ணெய் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அணைக்க ஓடினவன் வழுக்கி மேனேஜர் காலடியில் சாஷ்டாங்கமாக விழுந்தேன். டின் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சென்சார் உண்டு, கட்டைவிரல் அளவு, முன்னால் ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடி மேல் அம்சமாக ஒரு பொட்டு! அதைத்தான் டின் என்று நினைத்திருக்கிறது. "என்னங்க அந்தோணி, கண்ணு மேலயா வைப்பாங்க?" என்று கத்தினேன். அவர் பொட்டைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"இதுக்கு நெத்தி எதுன்னு நீங்க சொல்லவே இல்லையே சார்."

மார்கழிக் குளிர்

டிசம்பரில் புதுத் தலைவலி. காலையில் நிரப்புகிற டின்னெல்லாம் அளவு குறைந்தது, பத்து மணிக்கு மேல் சரியாகிவிட்டது. புரோகிராமை வரி வரியாகப் படித்தேன், கார்டை மாற்றினேன், வயரை மாற்றினேன். என் மூளையைத் தவிர எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாயிற்று.

நாலாம் நாள் அந்தோணி என் கையைப் பிடித்து எண்ணெய்க் குழாய் மேல் வைத்தார். ஜில்லென்று இருந்தது. வால்வு எட்டு நொடி திறந்தால் போதும் என்று நான் எழுதியிருந்தேன். குளிரில் பாதி உறைந்து அசைந்து அசைந்து வருகிற எண்ணெய்க்கு எட்டு நொடி எந்த மூலைக்கு? அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் குழாயைத் தொட்டு "பத்து" என்பார், "ஒன்பதரை" என்பார். நான் நொடியை மாற்றுவேன். அப்புறம் ஒரு டின்கூடக் குறையவில்லை. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"நீங்க மெஷினைத்தானே கேட்டீங்க, என்னை எங்க சார் கேட்டீங்க?"

ஒப்படைக்கும் நாள்

லைனை ஒப்படைக்கும் படிவத்தில் 'தேவையான ஆபரேட்டர்கள்' என்று ஒரு கட்டம். என் பேனா அங்கே நின்றுவிட்டது. 'ஒன்று' என்றால் வீட்டுக்குப் போவது அந்தோணிதான் என்று அதற்குள் எனக்கும் தெரிந்திருந்தது. எங்கள் முதலாளி 'ஒன்று' என்று எழுதச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். வருவது வரட்டும் என்று 'இரண்டு' என்று எழுதினேன். மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒந்து அந்த ஹேளித்ரி, ஈக எரடா?" ஒன்று என்றீர்களே, இப்போது இரண்டா? குளிரில் குழாயைத் தொட்டுப் பார்க்க ஒரு கை வேண்டும் என்றேன். அதற்கும் ஒரு சென்சார் போட்டால் போச்சு என்றார். போடலாம்தான், பத்து வரி புரோகிராம். ஆறு வாரத்தில் கிடைக்கிற சாமானுக்கு, "வெளிநாட்டிலேருந்து வரணும் சார், ஆறு மாசம் ஆகும்" என்று கூசாமல் புளுகினேன். முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஓடிப்போய் அந்தோணியிடம் சொன்னேன். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் விரல்விட்டு மாதத்தை எண்ணினார். ஜூனில் வந்து நின்றது.

"அதுக்குள்ள அந்தப் புரோகிராம் எழுதறதை எனக்குக் கத்துக் கொடுத்துடுங்க சார், அந்த சென்சாரையும் நானே மாட்டிடறேன்."

ஐந்தே மாதத்தில் மனுஷர் கற்றுக்கொண்டுவிட்டார். ஆக, ஒருத்தர் வேலையைக் காப்பாற்றப் போய், அந்தத் தொழிற்சாலையில் எனக்கிருந்த வேலைக்கு நானே வேட்டு வைத்துக்கொண்டேன்.