அப்பா முடிக்காமல் போன சோதனை

தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் ஒரு பொத்தானை மாட்டிக்கொள்வார்கள். விழுந்துவிட்டால் அதை அழுத்த வேண்டும். உறவினரின் கைப்பேசிக்குச் செய்தி போகும். அந்தப் பொத்தானுக்கு நிரல் எழுதும் சிறு நிறுவனம் ஒன்று ஏரிக்கரை நகரமான டுலூத்தில் இருக்கிறது. என் அப்பா ஆர்விட் டோஃப்டே கடைசிவரை அங்கே, நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைகளை எழுதினார்.

அம்மா காரின் இறந்தபின் அவரும் தனியாகத்தான் இருந்தார். இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் ஒரு தட்டு செய்தால் வாரம் முழுக்க அதுவே சாப்பாடு. பக்கத்து வீட்டு வாசலிலும் பனியைத் தள்ளிவிட்டு, சொல்லாமல் வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை அழைப்பார். ஏரி உறைந்ததா இல்லையா என்பதைத் தாண்டிப் பேச்சு போகாது.

பிப்ரவரியில் சமையலறையில் விழுந்து இறந்தார். அவர் பொத்தான் அணிந்ததில்லை.

அவருடைய மேசையைக் காலி செய்யப் போனேன். அடுத்த மேசைக்காரர் டுவேன் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தார்.

"சோல்வே, ஒரு உதவி பண்ணும்மா. உங்கப்பா கடைசியா எழுதுன டெஸ்ட் பாஸாகாம செவப்பாவே நிக்குது. வெள்ளிக்கிழமை வெளியிடணும். தூக்கிப்போட மனசு வரல."

மினியாபொலிஸில் எனக்கும் இதே வேலைதான். உட்கார்ந்து பார்த்தேன்.

சோதனையில் யாருக்கும் நிஜமாகச் செய்தி அனுப்புவதில்லை. அனுப்பும் பகுதிக்குப் பதிலாக மாக் என்னும் போலியை வைப்போம். உன்னிடம் எந்த எண் வந்தது, என்ன வாசகம் வந்தது என்று பிறகு அதைக் கேட்போம். அப்பா கைப்பேசி எண்ணை அப்படியே எழுதியிருந்தார். வாசகத்தில் நேரம் மாறும் என்பதால் அந்த இடத்தில் 'எதுவானாலும் சரி' என்னும் மேட்சரை, அதாவது ஒப்பிடும் குறியை, போட்டிருந்தார். இப்படிக் கலக்க முடியாது. ஓர் இடத்தில் மேட்சர் வந்தால் எல்லா இடத்திலும் மேட்சர் வேண்டும். அவசரத்தில் எல்லோரும் செய்யும் தவறு. அதனால் சோதனை, நிரல் செய்ததைச் சரிபார்க்காமலே தோற்றுக்கொண்டிருந்தது.

"ரெண்டுலயும் 'எதுவானாலும்' போட்டுடு, பச்சையாயிடும்," என்றார் டுவேன். உடனே சிரித்தார். "இதைக் கேட்டா உங்கப்பன் ரெண்டு நாளைக்கு என்கூட காபி குடிக்கமாட்டான்."

"என்ன சொல்வார்?"

"'யாருக்கோ போனா அது போனதாடா'ம்பான். பிடிவாதக்காரன்."

எண்ணை 'இதுவேதான்' என்னும் மேட்சருக்குள் வைத்தேன். ஓடவிட்டேன். மீண்டும் சிவப்பு, ஆனால் காரணம் வேறு. எதிர்பார்த்த எண் ஒன்று, செய்தி போன எண் இன்னொன்று.

சோதனையின் தொடக்க வரிகளைப் பார்த்தேன். சோதனைக்காக அப்பா இரண்டு உறவினர்களைக் கொடுத்திருந்தார். முதலில் காரின், இறந்துவிட்டார் என்ற குறிப்போடு. அடுத்து நான். எதிர்பார்த்தது என் எண்.

"வீட்டு ஆளுங்க நம்பரப் போடாதடான்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்," என்றார் டுவேன். பிறகுதான் அவருக்கு உறைத்தது. "அப்ப நெசமாவே நம்ம நிரல்லதான் தப்பா?"

"ஆமா. முதல் ஆள் செத்துப்போயிருந்தாலும் அவங்களுக்குத்தான் போகுது. அடுத்தவங்களுக்குத் தெரியவே தெரியாது."

அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இருவருமாக நிரலைத் திருத்தினோம். பச்சை வந்தது. டுவேன் என் தோளைத் தட்டிவிட்டுக் காபி எடுக்கப் போனார்; பழக்கத்தில் இரண்டு கோப்பைகளைக் கொண்டுவந்தார். ஒன்றை நான் குடித்தேன்.

அப்பாவின் பொருட்கள் இருந்த பெட்டியை வண்டியில் வைத்துவிட்டு என் கைப்பேசியைத் திறந்தேன். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: அப்பா. நீக்கினேன். காலியாக விட்டால் சேமிக்க மறுத்தது. கண்ணாடியைப் பனி மூடும்வரை பெயர்களைத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

பிறகு அப்பாவின் எண்ணையே திரும்பப் போட்டேன்.