ஒன்பதாம் வகுப்பு வரை அங்கே

திருப்பூரின் வடக்கு ஓரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு தனியார் பள்ளியிலிருந்து டிசியை வாங்கிக்கொண்டு சில பிள்ளைகள் எங்களிடம் பத்தாம் வகுப்பில் சேர வருவார்கள். தேறமாட்டார்கள் என்று தோன்றுகிறவர்களை ஒன்பதாவதோடு அனுப்பிவிட்டால் அங்கே தேர்ச்சி நூற்றுக்கு நூறாக நிற்கும்.

சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒரு பெண் வந்தாள். எல்.கே.ஜி.யிலிருந்து அங்கேயே படித்தவள். அவள் அம்மா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. “பாஸ் போட்டுத் தாறோம், டிசிய வாங்கிட்டுப் போயிருங்கன்னுட்டாவ டீச்சர்,” என்றார்.

அவள் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். கணக்கை மனப்பாடமாக எழுதுவாள். எண்ணை மாற்றிக் கொடுத்தால் பேனாவை வைத்துவிடுவாள். பின்னத்திலிருந்து ஆரம்பித்தேன். பள்ளி விட்டதும் முக்கால் மணி நேரம், தினமும். ஒரு வருஷம் போதவில்லை. பொதுத்தேர்வில் எங்கள் பள்ளியில் தவறியது அவள் ஒருத்திதான், அதுவும் கணக்கில் மட்டும்.

கல்வித் துறையின் ஆய்வுக் கூட்டத்தில் இரண்டு பள்ளிகளின் தேர்ச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் போட்டார்கள். “ஏனுங்க டீச்சர், அவங்களால முடியறது உங்களால ஏன் முடியலீங்க?” என்று அதிகாரி கேட்டார். தவறிய பெண் ஒன்பதாவது வரை அங்கேதான் படித்தாள் என்றேன். அவர் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார்.

“எனக்கும் தெரியுமுங்க. படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லீங்களே,” என்றார்.

கெட்ட மனிதர் இல்லை. என்னைப் போலவே களைத்திருந்தார். உட்கார்ந்துவிட்டேன்.

டவுன் பஸ்ஸில் திரும்பும்போது, துணைத் தேர்வுக்கு அவளை வேறு டீச்சரிடம் அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை அவளே பள்ளி வாசலில் நின்றாள். அம்மா கம்பெனி வேலைக்குக் கூப்பிடுவதாகவும், இந்த ஒரு தேர்வை எழுதிப் பார்த்துவிடுகிறேன் என்று கேட்டு வந்திருப்பதாகவும் சொன்னாள். பிறகு தயங்கி, “என்னால நீங்க பேச்சு வாங்குனீங்களாமே டீச்சர்,” என்றாள். உள்ளே போய் உட்காரச் சொன்னேன்.

மீதிக் கோடை விடுமுறை முழுக்கக் கணக்குதான். சில நாள் அவளுக்குத் தூக்கம் வருமுன்பே எனக்குக் கண் சொக்கும். துணைத் தேர்வில் தேறினாள். மாவட்டப் பட்டியல் அதற்குள் அச்சாகிவிட்டதால் எங்கள் தேர்ச்சி மாறவில்லை.

பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்று அம்மாவும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல வார்த்தை ஏதாவது சொல்லியிருக்கலாம். டீ போட்டுக் கொடுத்துவிட்டு, அவர்கள் பேசுவதைக் கேட்டபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.