கம்பெனிக்கும் சேர்த்து ஆஜர்

கோர்ட்டில் நீதிபதியம்மா இருந்தார். பேர் கூப்பிடும் கிளார்க் இருந்தார். வழக்குப் போட்ட டீசல் பங்க் அண்ணாச்சி இருந்தார். அவருடைய வக்கீல். என்னுடைய வக்கீல். பின் பெஞ்சில் என் மனைவி. கூண்டில் நான்.

முதல் எதிரி கம்பெனி. அதன் பேரைக் கூப்பிட்டார்கள். என் வக்கீல் எனக்குத் தலையாட்டினார். "ஆஜர்" என்றேன். இரண்டாம் எதிரி என்று என் பேரைக் கூப்பிட்டார்கள். அதற்கும் "ஆஜர்" என்றேன்.

நான் லாரி டிரைவர். துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றுவேன். லாரி ஐந்தானதும் முதலாளி கம்பெனி பதிவு செய்தார். அதற்கு இரண்டு டைரக்டர் வேண்டுமாம். அவருக்குப் பிள்ளை இல்லை.

"ஏலே, உன்னத்தான் போடுதேன். இனி நீயும் முதலாளிதாம்ல."

மற்ற டிரைவர்கள் என்னிடம் சினிமாவில் சான்ஸ் கேட்டார்கள். சம்பளம் அதேதான்.

செக்கில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் டிரிப்பில் இருந்தால் வேலை நிற்கும். அதனால் புது செக் புக் வந்தால், துறைமுக கேட்டில் லாரி வரிசையில் நிற்கும்போதே முதலாளி கொண்டுவந்து தருவார். ஸ்டீயரிங் மேல் வைத்து எல்லாத் தாளிலும் போட்டுக் கொடுப்பேன். பக்கத்தில் கம்பெனி சீல் இருக்கும். சீல் இருந்தால் அது கம்பெனி பாடு என்று நினைத்திருந்தேன்.

முதலாளி நெஞ்சுவலியில் போய்விட்டார். லாரிகளை ஃபைனான்ஸ்காரர்கள் ஓட்டிப்போனார்கள். டீசலுக்குக் கொடுத்த பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் செக் பணமில்லாமல் திரும்பியது.

நீதிபதியம்மா செக்கைக் காட்டச் சொன்னார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம்மா."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அடுத்த வாய்தாவுக்குள் பேசி முடிக்கச் சொன்னார். முடியாவிட்டால் ஜெயில்தான் என்று வக்கீல் சொன்னார்.

வெளியே பங்க் அண்ணாச்சி எங்களுக்கும் டீ வாங்கினார்.

"உம்ம மேல எனக்கு என்னவே கோவம்? கையெழுத்துப் போட்டதுல உசுரோட இருக்கது நீரு ஒருத்தர்தான். செத்தவர் மேலயா கேஸ் போட முடியும்?"

மனைவி டீயைத் தொடாமல் கேட்டாள்.

"வீட்ட எழுதித் தந்தா கேஸ விட்டுருவீகளா அண்ணாச்சி?"

"வீடு என்ன விலைக்குப் போகும்?"

"பதினோரு லட்சத்துக்குக் கேக்காக."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"மிச்சம்?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கணக்குப் போட்டுச் சொன்னேன்.

ஏழு லட்சத்து நாற்பதாயிரம்.