நோம்பும் நன்னாரி சர்பத்தும்

செக்போஸ்ட் ஊரான வாளையாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் சைனுதீன், தாகம் எடுத்தால் தண்ணீர்க் குடத்தைப் பார்க்க மாட்டார். மனைவி கௌலத்தின் முகத்தைத்தான் பார்ப்பார். கடையில் ஓடி ஓடி எடுத்துக் கொடுக்கிற மனுசன், வீட்டுப் படி ஏறினால் நவாப்.

கௌலத்துக்குப் பல வருசமாக நெஞ்செரிச்சல். படுத்தால் புளித்த நீர் தொண்டைக்கு ஏறும். சுவரில் சாய்ந்தபடியேதான் தூங்குவாள். வெறும் வயிறு தாங்காததால் நோம்பும் விட்டுப்போயிற்று. அதுதான் அவளுக்குப் பெரிய குறை. மறுபடியும் நோம்பு பிடிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் கோயமுத்தூர் போய் ஆபரேசனுக்கே ஒத்துக்கொண்டாள். இரைப்பையின் மேல்பகுதியை இழுத்து உணவுக்குழாயைச் சுற்றித் தைத்தார்கள். எரிச்சல் அடியோடு போயிற்று. ஏப்பமும் கூடவே போயிற்று. அதற்கு யார் அழுதார்கள்?

ரமலான் வந்தது. முதல் நோம்பன்று பகலெல்லாம் கௌலத் தெம்பாகத்தான் இருந்தாள். பள்ளிவாசலில் மாலைப் பாங்கு சொன்னதும் சைனுதீன் ஓர் அதிசயம் செய்தார். தானே கலக்கிய நன்னாரி சர்பத்தைத் தம்ளர் நிறைய ஊற்றி அவள் கையில் கொடுத்தார்.

"குடி கௌலத்து. இத்தன வருசம் கழிச்சு நோம்பு புடிச்சிருக்கற."

குடித்தாள். சற்று நேரத்தில் நெஞ்சு படபடத்தது. பிறகு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. பட்டினிதான் காரணம் என்று அவர் இன்னொரு தம்ளர் கொடுத்தார். தேறினாள், மறுபடியும் நடுங்கினாள். தினமும் இதே கூத்து. அவர் கடையிலிருந்து வரத் தாமதமாகி, அவள் வெறும் கஞ்சியோடு நோம்பு திறந்த அன்று மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அதை அவள் வெளியே சொல்லவில்லை.

"நோம்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். உசிரு முக்கியம்" என்று அவர் கத்தியபோது கௌலத் அழுதுவிட்டாள்.

கடைசியில் கோயமுத்தூருக்கே கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார்.

"நோம்பு மேல பழி போடாதீங்க. முன்னால இரைப்பை விரிஞ்சு, சாப்பிட்டத நிறுத்தி வச்சு மெல்ல அனுப்பும். இப்ப மேல்பகுதியக் கட்டினதால அவ்வளவா விரியாது. சிலருக்கு இனிப்புத் தண்ணி சட்டுனு குடலுக்கு ஓடிரும். அங்க ஹார்மோனெல்லாம் பதறிப்போய் இன்சுலினை அளவுக்கு மேல கூப்பிடும். சர்க்கரை விறுவிறுன்னு ஏறி, விறுவிறுன்னு எறங்கும். அதுதான் இந்த நடுக்கம். சர்பத்த விட்டுருங்க. கஞ்சி, முட்டைன்னு கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க. நோம்பு தாராளமா வைக்கலாம்."

செக்போஸ்ட் இல்லாமல் லாரியெல்லாம் ஒரே மூச்சில் ஊருக்குள் புகுந்த மாதிரி என்று சைனுதீனுக்கு விளங்கிவிட்டது. பஸ்ஸில் ஊர் திரும்பி வீட்டு வாசலில்தான் கேட்டார்.

"சர்பத்துதான் ஆகலைன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா குடிச்ச?"

கௌலத் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு எங்கோ பார்த்தாள்.

"கல்யாணமாகி இத்தன காலத்துல நீங்க எனக்கு ஒரு வாய் தண்ணி எடுத்துக் குடுத்ததில்லீங்க. வேண்டாம்னு சொன்னா அதோட நிறுத்திருவீங்கன்னு பயமா இருந்துச்சு."

சைனுதீன் பெரிய பாவம் செய்துவிட்டவரைப் போல நின்றார்.

"இனி அடுப்படிப் பக்கமே வரமாட்டேன் கௌலத்து."

"அய்யோ, வராம இருந்துராதீங்க" என்றாள் அவள் பதறிப்போய். "வெறுந்தண்ணி ஒண்ணும் பண்ணாதுங்க. அத ஊத்திக் குடுங்க."